வேண்டாத சத்தம்

ரேடியோ கெட்டுப்போய் என்னிடம் வந்தவர்கள் குறைவு. ரேடியோ நன்றாக இருக்கிறது, கணினியும் நன்றாக இருக்கிறது, இரண்டையும் சேர்த்தால்தான் வேலை செய்ய மாட்டேன் என்கிறது என்று வந்தவர்களே அதிகம். மதுரையில் அமெச்சூர் ரேடியோ உரிமம் வைத்திருக்கும் நாங்கள் சின்னக் கூட்டம். யாரிடம் என்ன சரக்கு இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். மொட்டை மாடியில் கம்பம் நடுவதற்கு ஒருவர், ஆன்டெனாவை அளந்து வெட்டுவதற்கு ஒருவர், தேர்வுக்குப் போகும் பையன்களுக்கு மோர்ஸ் சொல்லிக்கொடுக்க ஒருவர். சவுண்டு கார்டு தகராறு என்றால் என் வீட்டுக்கு வழி சொல்லி அனுப்பிவிடுவார்கள். தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் காலம் தள்ளியவன் நான். சத்தம் எந்த ஒயரில் புகுந்து எந்த ஒயரில் காணாமல் போகிறது என்று தேடித்தான் சம்பளம் வாங்கினேன். ஓய்வுக்குப் பிறகும் அதே வேலைதான், சம்பளம் மட்டும் கிடையாது.

அமெச்சூர் ரேடியோக்காரர்களை ஹாம் என்பார்கள். ஹாம் அல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெச்சூர் ரேடியோ என்றதும் மைக்கைப் பிடித்துப் பேசுவதோ மோர்ஸ் சாவியைத் தட்டுவதோதான் நினைவுக்கு வரும். இன்றைக்கு ஹாம்களில் பலர் புழங்குவது மூன்றாவது வழி. கணினியில் எழுத்தாகக் கொடுப்பதை ஒரு மென்பொருள் சத்தமாக மாற்றுகிறது. அந்தச் சத்தத்தை ரேடியோ, நம் பேச்சை அனுப்புகிற மாதிரியே வானத்தில் அனுப்புகிறது. எதிர்முனை ரேடியோவிலிருந்து வெளியே வரும் சத்தத்தை அங்குள்ள கணினி கேட்டு மறுபடி எழுத்தாக்குகிறது. இடையில் வேண்டியது மூன்றே சங்கதிகள்: ரேடியோவிலிருந்து கணினிக்கு ஒரு சத்தம், கணினியிலிருந்து ரேடியோவுக்கு ஒரு சத்தம், 'இப்போது அனுப்பு' என்று ரேடியோவுக்குச் சொல்ல ஒரு சுவிட்ச். இதற்குப் பி.டி.டி. என்று பெயர். இவ்வளவுதானே என்று தோன்றும். இந்த மூன்றில்தான் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் போயிருக்கின்றன!

நான் இதில் இறங்கியபோது பிஎஸ்கே31 வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பீட்டர் மார்ட்டினெஸ் என்ற பிரிட்டிஷ் ஹாம் 1998-இல் அதை வெளியிட்டார். நொடிக்கு 31.25 துடிப்பு. கையால் தட்டச்சு செய்கிற வேகத்துக்கு அது போதும் என்பது அவர் கணக்கு. அதனால் ஒரு பேச்சுக் குரல் பிடிக்கிற அகலத்துக்குள் எத்தனையோ உரையாடல்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். டிஜிபான் என்ற மென்பொருளைத் திறந்தால் திரையில் மேலிருந்து கீழாக ஒழுகுகிற ஒரு பட்டை தெரியும், வாட்டர்ஃபால் என்போம். யாராவது தட்டச்சு செய்யாமல் சும்மா அலையை மட்டும் விட்டுக்கொண்டிருந்தால் அது இரண்டு மெல்லிய கோடாக, ரயில் தண்டவாளம் மாதிரி நேராக இறங்கும். சத்தத்தை அளவுக்கு மேல் ஏற்றி அனுப்புகிறவருடைய கோடு இரண்டோடு நிற்காது. இரு பக்கமும் நாலு, ஆறு என்று குட்டி போட்டுப் பக்கத்து ஆளின் இடத்தையும் தின்றுவிடும். அகலமாகத் தெரிகிறது, ஆகவே பலமாகப் போகிறது என்று நினைத்தவர்களும் உண்டு.

அப்போதிருந்தது அசெம்பிள் செய்த மேசைக் கணினி. பின்னால் மூன்று துளைகள்: நீலம் லைன்-இன், பச்சை லைன்-அவுட், இளஞ்சிவப்பு மைக். நீலத்தில் ரேடியோவின் சத்தத்தைக் கொடு, பச்சையிலிருந்து ரேடியோவுக்கு எடு, முடிந்தது. அந்தக் காலத்து சவுண்டு கார்டுக்குச் சொந்தப் புத்தி கிடையாது, அதுதான் அதன் பெருமை. கொடுத்ததை வாங்கிக்கொண்டு கொடுத்தபடியே கொடுத்துவிடும். இந்த ஒரு குணத்தைப் பிற்காலத்தில் எப்படித் தேடி அலையப்போகிறோம் என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

முதல் பெரிய தொல்லை மடிக்கணினியோடு வந்தது. வாட்டர்ஃபாலின் இடது ஓரத்தில், 50, 100, 150 ஹெர்ட்ஸ் என்று வரிசையாக அசையாத கோடுகள். ஹம் என்கிற இரைச்சல்தான், ஆனால் எங்கிருந்து? ஆன்டெனாவைக் கழற்றினேன், கோடுகள் அப்படியே இருந்தன. அப்போதே பாதி விடை கிடைத்துவிட்டது, வானத்திலிருந்து வரவில்லை. மீதிப் பாதிக்கும் கொஞ்சம் யோசித்தால் போதும். பேச்சுக்கான ஃபில்டர் உள்ள ரேடியோ, சுமாராக 300 ஹெர்ட்ஸிலிருந்து 2700 வரைதான் சத்தத்தை வெளியே விடும். 50 ஹெர்ட்ஸில் கோடு தெரிகிறது என்றால் அது ஃபில்டரைத் தாண்டி வந்ததாக இருக்க முடியாது. ஃபில்டருக்குப் பிறகு, அதாவது ரேடியோவுக்கும் கணினிக்கும் நடுவில் உள்ள ஒயரில் ஏறியிருக்கிறது. இன்றைக்கும் யாராவது வாட்டர்ஃபால் படம் அனுப்பினால் என் கண் முதலில் போவது இடது ஓரத்துக்குத்தான்.

அதை உறுதி செய்தது மின்வாரியம். 2012 ஞாபகம் இருக்கும் எல்லோருக்கும். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று கணக்கு வைத்துச் சமையல் செய்த வருஷம். ரேடியோ எனக்கு எப்போதும் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும். மடிக்கணினி மட்டும் சார்ஜரில். கரண்ட் போன அந்தக் கணத்தில் விசிறி நின்றது, தெருவே அமைதியானது, திரையில் அந்தக் கோடுகளும் மறைந்துபோயின. எல்லாரும் மின்வெட்டைத் திட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நான் மட்டும் சுத்தமான வாட்டர்ஃபாலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். கரண்ட் வந்ததும் கோடுகளும் வந்தன. சார்ஜர் வழியாகக் கணினிக்கு ஒரு எர்த், ரேடியோ வழியாக இன்னொரு எர்த், இரண்டையும் சேர்த்துவிட்டது ஆடியோ கேபிளின் உறை. அந்தச் சுற்றில் மின்சாரம் ஓடினால் அது சத்தமாகத்தான் கேட்கும். இதற்குக் கிரவுண்ட் லூப் என்று பெயர்.

பழைய எக்ஸ்சேஞ்ச்காரனுக்கு மருந்து கையிலேயே இருந்தது. பழைய டயல்-அப் மோடம் பலவற்றுக்குள் பொடி டப்பா அளவுக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. 600 ஓம், ஒன்றுக்கு ஒன்று. தொலைபேசி லைனையும் வீட்டுக் கணினியையும் உலோகம் உலோகமாகத் தொடவிடாமல், சத்தத்தை மட்டும் காந்தப்புலத்தின் வழியாகக் கடத்துவது அதன் வேலை. எங்களுக்கு வேண்டியதும் அதே. போகிற சத்தத்துக்கு ஒன்று, வருகிற சத்தத்துக்கு ஒன்று, பி.டி.டி.க்கு ஓர் ஆப்டோகப்ளர். அங்கே ஒளியால் தகவல் போகும், ஒயர் தொடாது. மூன்றையும் பழைய சோப்பு டப்பாவில் வைத்து மூடினேன். சார்ஜர் மாட்டியிருந்தும் கோடுகள் போன இடம் தெரியவில்லை. அகலக்கற்றை வந்து எல்லோரும் மோடத்தைத் தூக்கிப் போட்ட காலம் அது. பழைய சாமான் கடைகளில் எடைக்கு வாங்கினேன். சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறவர்களிடமும் மோடம் கார்டு கண்ணில் பட்டால் அள்ளிக்கொண்டு வரச் சொல்லி வைத்திருந்தேன்.

2017 ஜூலையில் எஃப்டி8 வந்தது. அதை உருவாக்கியவர்கள் ஸ்டீவ் ஃபிராங்க், ஜோ டெய்லர் என்ற இரண்டு அமெரிக்க ஹாம்கள். எஃப் அவருக்கு, டி இவருக்கு. டெய்லர் சாதாரண ஆள் இல்லை. இரட்டைப் பல்சாரைக் கண்டுபிடித்ததற்காக ரஸ்ஸல் ஹல்ஸோடு 1993-இல் இயற்பியல் நோபல் வாங்கியவர். விண்ணின் இரைச்சலுக்கு அடியில் கிடக்கும் துடிப்பைத் தோண்டி எடுப்பதையே தொழிலாக வைத்திருந்தவர், ரேடியோ ஹாம்களுக்கும் அதே வித்தையை டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் என்ற மென்பொருளில் இலவசமாகக் கொடுத்தார். 15 நொடிக்கு ஒரு முறை. அதில் 12.64 நொடி ஒருவர் அனுப்புவார், அடுத்த 15-இல் மற்றவர். எட்டு சுருதிகள், ஒன்றுக்கொன்று 6.25 ஹெர்ட்ஸ் இடைவெளி, மொத்தமே 50 ஹெர்ட்ஸ் அகலம். காதுக்கு வெறும் இரைச்சலாகக் கேட்கும் இடத்தில், இரைச்சலைவிட 20 டெசிபல் தாழ்ந்த குரலையும் அது பிடித்துவிடும். சூரியன் தூங்கிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. பேச்சில் பக்கத்து நாடு கிடைக்காத இரவுகளில் எஃப்டி8-இல் தென் அமெரிக்கா கிடைத்தது.

இதில் பேச்சு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அழைப்புக்குறி, ஊர்க்கட்டம், எவ்வளவு டெசிபலில் கேட்கிறது என்ற எண், நன்றி, வணக்கம். மதுரையின் கட்டம் எம்ஜே99. உரையாடலே இல்லாத தொடர்பு ஒரு தொடர்பா என்று மூத்த ஹாம்கள் முகம் சுளித்தார்கள். அதில் நியாயமும் உண்டு. ஆனால் உரிமம் எடுத்துவிட்டு மைக்கைப் பிடிக்கக் கூச்சப்பட்டுக்கொண்டிருந்த இளவட்டங்களை வானத்துக்குக் கொண்டுவந்தது இதுதான். எனக்கு வேலை கூடியதும் இதனால்தான்.

திருநகரில் ஒரு பொறியியல் மாணவன். புதிதாக ரெஸ்ட்ரிக்டட் கிரேடு உரிமம் எடுத்தவன். கூப்பிட்டான்.

"டீகோட் ஆகுது சார், ஆனா ஏழெட்டுப் பேருதான் வர்றாங்க. அதே நேரத்துல மத்தவங்களுக்கு நாப்பது பேர் வர்றாங்க."

போனேன். மேசையில் எல்லாம் முறையாகத்தான் இருந்தது. ரேடியோவின் முதுகில் உள்ள டேட்டா சாக்கெட்டிலிருந்து கேபிள் வந்து மடிக்கணினியின் ஒற்றைத் துளையில் ஏறியிருந்தது. திரையில் கோடுகள் சுமாராகத் தெரிந்தன. பையனின் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "வாங்க சார், இருங்க, சட்னி அரைச்சுட்டு காப்பி போடுறேன்" என்றார். மிக்ஸி ஓடத் தொடங்கியதும் வாட்டர்ஃபால் முழுக்க மஞ்சளாகிவிட்டது.

"மிக்ஸி போட்டாலே இப்படித்தான் சார். மோட்டார் ஸ்பார்க் நாய்ஸ்."

அப்படியும் இருக்கலாம். மிக்ஸி மோட்டாரின் கார்பன் பிரஷ் ரேடியோ இரைச்சலை உண்டாக்கும்தான். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். மிக்ஸி நின்ற பிறகு ரேடியோவின் வால்யூம் குமிழை முழுக்கக் குறைக்கச் சொன்னேன். குறைத்தான். வாட்டர்ஃபால் இருண்டுபோனது. டேட்டா சாக்கெட்டில் வரும் சத்தத்துக்கும் முன்னால் இருக்கும் வால்யூம் குமிழுக்கும் சம்பந்தமே கிடையாது. குமிழை எவ்வளவு திருகினாலும் அங்கே ஒரே அளவில்தான் வந்துகொண்டிருக்கும். குமிழைத் திருகினால் திரை மாறுகிறது என்றால், கணினி கேட்பது கேபிளை இல்லை. மடிக்கணினியின் திரைக்கு மேல் விளிம்பில், கேமராவுக்குப் பக்கத்தில் விரலைச் சொடுக்கினேன். திரையில் இடமிருந்து வலமாகப் பளிச்சென்று ஒரு கோடு. ரேடியோவின் ஸ்பீக்கர் சத்தம் அறைக்குள் வந்து, கணினியின் உள்மைக்கில் விழுந்து, அதைத்தான் இத்தனை நாளும் டீகோட் செய்துகொண்டிருந்தது. விசிறிச் சத்தம், தெருவில் காய்கறி வண்டி, ஆடி மாதத்து அம்மன் கோயில் குழாய் எல்லாம் சேர்த்துத்தான். அதற்குள்ளிருந்தும் ஏழெட்டுப் பேரைப் பிடித்தது என்றால் டெய்லரைக் கும்பிடத்தான் வேண்டும்.

காரணம் அந்த ஒற்றைத் துளை. இப்போதைய மடிக்கணினிகளில் ஹெட்செட்டுக்கு நாலு வளையம் உள்ள பின் ஒன்றுதான். பின்னைச் செருகியதும் அதில் மைக் இருக்கிறதா என்று கணினி மின்தடையைப் பார்த்துத் தானே முடிவெடுக்கும். மூன்று வளையக் கேபிளைச் செருகினால் 'இது வெறும் ஹெட்போன்' என்று தீர்மானித்துவிட்டு உள்மைக்கையே வைத்துக்கொள்ளும். சொல்லவும் சொல்லாது. சில நூறு ரூபாய்க்கு ஒரு யூஎஸ்பி சவுண்டு கார்டு வாங்கச் சொன்னேன். அதிலும் உள்ளே போவது மைக் துளைதான், ரேடியோ தரும் சத்தத்தை அது தாங்காது. 10 கிலோ ஓம் ஒன்று தொடராக, 1 கிலோ ஓம் ஒன்று கிரவுண்டுக்கு என்று இரண்டு ரெசிஸ்டர் போட்டால் சத்தம் ஏறக்குறைய பத்தில் ஒன்றாகக் குறையும். மைக்குக்காக அந்தத் துளையில் வருகிற மின்னழுத்தத்தை மறிக்க ஒரு கெபாசிட்டர். பிறகு, சிக்னல் இல்லாத வெறும் இரைச்சலில் மென்பொருளின் அளவுமானி 30 டெசிபலில் நிற்கும்படி வைத்தோம். அன்று சாயங்காலம் திரை நிரம்பி வழிந்தது. காப்பியும் வந்தது.

இதே மாதிரி இன்னொரு கேபிள். கொண்டுவந்தவர் நல்ல கைவேலைக்காரர், மின்சாரக் கடை வைத்திருப்பவர். டேட்டா சாக்கெட்டின் ஆறு துளையும் பழைய பிஎஸ்/2 விசைப்பலகையின் ஆறு பின்னும் ஒரே அமைப்பு என்று கண்டு, ஒரு பழைய விசைப்பலகையின் வாலை வெட்டிக் கேபிள் செய்திருந்தார். வேலை செய்தது, ஆனால் விசித்திரமாக. ரேடியோவைக் கணினியிலிருந்து கட்டுப்படுத்தும் இன்னொரு கேபிளைக் கழற்றினால் இந்தக் கேபிளும் செத்துப்போகும், திரும்ப மாட்டினால் உயிர் வரும், கூடவே ஹம்மும் வரும். மல்டிமீட்டரில் பீப் வைத்து ஒவ்வொரு பின்னாகத் தொட்டுப் பார்த்தோம். விசைப்பலகைக்கு வேண்டியது நாலு ஒயர்தான். இரண்டாவது பின்னுக்கும் ஆறாவதுக்கும் அங்கே வேலை இல்லை, ஆகவே அந்த வாலில் அவற்றுக்கு ஒயரே போகவில்லை. ரேடியோவின் டேட்டா சாக்கெட்டிலோ இரண்டாவது பின்தான் கிரவுண்ட். சத்தம் திரும்பிப் போக வழியில்லாமல் இன்னொரு கேபிளைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. ஆறு ஒயர் உள்ள கேபிள் வாங்கினால் தீர்ந்தது. வெட்டுவதற்கு முன்னால் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள் என்று அதற்குப் பிறகு எல்லோரிடமும் சொல்கிறேன், கேட்கிறவர்கள் கம்மி.

இதையெல்லாம்விட என்னைத் திணறடித்தது 2020-இல் வந்த ஒன்று. ஊரடங்கில் பெட்டிக்குள் கிடந்த உரிமங்களைத் தூசி தட்டியவர்கள் பலர். திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளி ஆசிரியர். ஆன்லைன் வகுப்புக்கென்று வாங்கிய புது மடிக்கணினியிலேயே எஃப்டி8-ஐயும் போட்டிருந்தார். நேரில் போக வழியில்லை. எல்லாம் போனும் வாட்ஸ்அப்பும்தான். கேபிள் சரி. உள்மைக் இல்லை, சொடுக்கிப் பார்த்தாயிற்று. சாம்பிள் ரேட் 48,000. கடிகாரம் நொடி பிசகாமல் ஓடுகிறது. எஃப்டி8-க்கு அது முக்கியம், இரண்டு நொடி தள்ளினால் போயிற்று. எல்லாம் இருந்தும் ஒரு வரிகூட டீகோட் ஆகவில்லை.

"சிக்னல் தெரியுதுங்க சார். ஆனா என்னவோ மாதிரி தெரியுது" என்றார்.

வாட்டர்ஃபாலைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். போனில் வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அந்த 'என்னவோ' புரிந்தது. எஃப்டி8 கோடு ஒன்று பன்னிரண்டு சொச்சம் நொடிக்கு ஒரே அழுத்தத்தில் இறங்க வேண்டும். இவர் திரையில் ஒவ்வொரு கோடும் தொடங்கும்போது பளிச்சென்று இருந்தது. ஒன்றிரண்டு நொடியில் மங்கி, அதற்குப் பிறகு அந்த இடத்தில் கருப்பு. ஒன்றிரண்டு இல்லை, எல்லாக் கோடும் அப்படி. ஃபேடிங் என்றால் ஒருவருக்கு ஒருவர் மாறும். எல்லோரும் ஒரே நொடியில் சொல்லிவைத்தாற்போல் தேய மாட்டார்கள்.

அந்தக் கணினி வகுப்பு எடுப்பவர்களுக்காக வந்தது. பின்னால் ஓடும் ஏசி, மின்விசிறி, ஜெனரேட்டர் எதுவும் மாணவர்கள் காதில் விழாமல் இருக்க அதில் இரைச்சல் நீக்கி ஒன்று இருந்தது. அது இரைச்சலை எப்படி அடையாளம் காண்கிறது? மனிதப் பேச்சு ஏறி இறங்கும், விட்டு விட்டு வரும். ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக நிற்கிற சத்தம் எதுவோ அது விசிறி, அது மோட்டார், அதை அழி. எங்கள் எஃப்டி8 சிக்னல் ஏறாமல் இறங்காமல் நிற்கிற சத்தம். வானத்தின் இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு மெல்லிய சீரான சுருதியைத் தேடி எடுக்க டெய்லர் மென்பொருள் எழுதினார். அதே சுருதியைத் தேடிப் பிடித்து அழிக்க இந்தக் கணினிக்குள் இன்னொரு மென்பொருள் உட்கார்ந்திருந்தது. முந்திக்கொண்டது அழிக்கிறவன்தான். எஃப்டி8 செய்தியில் தொடக்கம், நடு, கடைசி என்று மூன்று இடத்தில் ஒத்திசைவுக் குறிகள் வரும். இவருக்குத் தலை மட்டும் மிஞ்சியது, உடலும் வாலும் போயின.

அன்றிலிருந்து என் வைத்தியம் ஒரே கட்சிதான். டிஜிட்டல் மோடுக்குக் கணினி என்பது ஓர் ஒயராக மட்டும் இருக்க வேண்டும். மனிதக் காதுக்கு நல்லது என்று அதில் சேர்த்தது எதுவுமே இங்கே நல்லதில்லை. ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ், நாய்ஸ் சப்ரெஷன், எக்கோ கேன்சலேஷன், மைக் பூஸ்ட், தானாக அளவை ஏற்றி இறக்கும் ஏஜிசி, பேஸ் பூஸ்ட், சரவுண்டு, அத்தனையும் அணைக்க வேண்டும். சிஸ்டத்தின் செட்டிங்கில் அணைத்தால் போதாது. கணினி கம்பெனி தன் பங்குக்கு ஒரு ஆடியோ ஆப் போட்டிருக்கும். அது ஒவ்வொரு முறை கணினி விழிக்கும்போதும் மறுபடி 'உதவி' செய்ய வரும், அதையும் நிறுத்த வேண்டும். ரேடியோவிலும் இதே கதை. பேச்சை எடுப்பாக்கும் கம்ப்ரெஸ்ஸர், நாய்ஸ் ரிடக்ஷன், நாய்ஸ் பிளாங்கர், தானியங்கி நாட்ச் ஃபில்டர், எல்லாம் அணை. தானியங்கி நாட்ச் என்பது சீரான ஒற்றைச் சுருதியைத் தேடிப் பிடித்து வெட்டுகிற வேலைக்காகவே வந்தது. அதை ஆனில் வைத்துக்கொண்டு எஃப்டி8 கேட்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அனுப்பும் பக்கம் வேறு ரகம். கேட்பதில் கோளாறு என்றால் நஷ்டம் நமக்கு. அனுப்புவதில் கோளாறு என்றால் ஊருக்கு. புதிதாக யூஎஸ்பி சவுண்டு கார்டைச் செருகினால், கணினி தன் எல்லாச் சத்தத்துக்கும் அதையே வாயாக எடுத்துக்கொள்கிற பழக்கம் உண்டு. நண்பர் ஒருவர், சத்தம் வந்தால் தானாக ஆன் ஆகும் வாக்ஸ் முறையில் பி.டி.டி. வைத்திருந்தார். ஒரு சாயங்காலம் வேறு வேலையாக இளையராஜா பாட்டைப் போட்டார். ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லை என்று வால்யூமை ஏற்றினார். பாட்டு 20 மீட்டர் அலைவரிசையில் போய்க்கொண்டிருந்தது. சென்னையிலிருந்து ஒருவர் போன் செய்து, "பாட்டு நல்ல பாட்டுதான், ஆனா லைசென்ஸ் போயிடும்" என்றார். அமெச்சூர் அலைவரிசையில் இசை ஒலிபரப்ப உரிமம் இல்லை. ரேடியோவுக்கு என்று தனி சவுண்டு கார்டு, கணினியின் வழக்கமான சத்தத்துக்கு அதன் சொந்த ஸ்பீக்கர், சிஸ்டம் ஒலிகள் எல்லாம் மௌனம். வாக்ஸைத் தொடவே வேண்டாம்.

அளவு வைப்பதற்கு நான் செய்கிற முறை இது. ஆன்டெனாவைக் கழற்றி 50 ஓம் டம்மி லோடை மாட்டுவேன். கணினியின் சத்தத்தைச் சுழியத்திலிருந்து மெல்ல ஏற்றுவேன். வாட் மீட்டர் கூடவே ஏறும். ஏ.எல்.சி. முள் அசையத் தொடங்கும் இடத்தில் நின்று, அங்கிருந்து பின்வாங்குவேன். ஏ.எல்.சி. அசைந்தால் ரேடியோ 'போதும், அமுக்குகிறேன்' என்கிறது. அமுக்கினால் பிஎஸ்கே31-இல் தண்டவாளம் குட்டி போடும். எஃப்டி8-இல் ஒரு நேரத்தில் ஒரு சுருதிதான் என்பதால் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் சவுண்டு கார்டையோ ரேடியோவின் உள்வாயையோ அளவுக்கு மீறி அறைந்தால் சுருதியின் மடங்குகள் பிறக்கும். 700 ஹெர்ட்ஸில் ஒருவர் அனுப்புகிறார் என்றால் 1400-இலும் 2100-இலும் அவரே தெரிவார், மூன்று இடத்தையும் பிடித்துக்கொண்டு. இதற்கு டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் ஓர் அழகான வழி வைத்திருக்கிறது. ஸ்பிளிட் என்ற அமைப்பைத் தேர்ந்தால், ரேடியோவின் அலைவரிசையைக் கொஞ்சம் நகர்த்தி, போகும் சுருதியை எப்போதும் 1500-க்கும் 2000-க்கும் நடுவில் வைத்துக்கொள்ளும். அதன் இரண்டாம் மடங்கு 3000-ஐத் தாண்டிவிடும், ரேடியோவின் ஃபில்டர் அதை விடாது. இவ்வளவு யோசித்துச் செய்த வசதியைப் பலர் 'நன்' (None) என்றே வைத்திருக்கிறார்கள்.

டம்மி லோடில் எல்லாம் ஒழுங்காக ஓடி, ஆன்டெனாவை மாட்டியதும் மவுஸ் உறைந்துபோகிறது, யூஎஸ்பி அறுந்து அறுந்து வருகிறது என்றால் அது ஆடியோ கோளாறே இல்லை. அனுப்பிய அலையே கேபிளின் வெளியுறையில் ஏறி வீட்டுக்குள் திரும்பி வருகிறது. 5 வாட்டில் வராமல் 50 வாட்டில் மட்டும் வந்தால் சந்தேகமே வேண்டாம். ஆன்டெனாவின் அடியில் ஒரு சோக், யூஎஸ்பி கேபிளைப் பலமுறை சுற்ற ஒரு ஃபெர்ரைட் வளையம். பழைய மானிட்டர் கேபிளின் முனையில் உருண்டையாக இருக்குமே, அதற்குள் இருப்பதும் ஃபெர்ரைட்தான். பெரிய வளையம் கிடைக்கும்வரை அதை வைத்து ஒப்பேற்றலாம்.

இப்போது வரும் ரேடியோக்கள் பலவற்றில் சவுண்டு கார்டு உள்ளேயே இருக்கிறது. ஒரே யூஎஸ்பி கேபிள், சத்தமும் கட்டுப்பாடும் அதிலேயே. கிரவுண்ட் லூப் தொல்லை குறைந்திருக்கிறது. மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது, ஏனென்றால் மற்றதெல்லாம் கணினிக்குள் இருக்கிறது. விலையும் ஒரு மாணவன் எட்டிப் பிடிக்கிற விலை இல்லை. ஆகவே பழைய ரேடியோவும் சோப்பு டப்பாவும் இன்னும் சில வருஷம் ஓடும். உங்கள் பரண் மேல் டயல்-அப் மோடம் ஏதாவது கிடந்தால் குப்பையில் போட வேண்டாம். பக்கத்தில் யாராவது ஹாம் இருந்தால் அவரிடம் கொடுங்கள். அதற்குள் இருக்கும் அந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு இங்கே இன்னும் தேவை இருக்கிறது.